உரமிடுவதில் திரைராசிகம்

உரச் சிபாரிசுகள் ஹெக்டேர்க் கணக்கில் அச்சிடப்படுகின்றன. குடியானவரோ தம் நிலத்தை ஏக்கராகவும் சென்டாகவும் எண்ணுகிறார். உரமூட்டையின்மேல் சத்து நூற்றுக்கு இவ்வளவு என்று குறித்திருக்கிறது. இம்மூன்றையும் இணைத்து, வயலில் இறைக்கவேண்டிய உரத்தின் நிறையைக் காண்பதற்குத் திரைராசிகம் என்னும் மூன்று ராசிக் கணக்கே போதுமானது.

தெரிந்த அளவு பிரமாணம்; அதற்குரியது பலம்; நாம் வினவும் அளவு இச்சை. பலத்தை இச்சையாற் பெருக்கிப் பிரமாணத்தால் வகுக்க விடை வரும். ஆனால் பிரமாணமும் இச்சையும் ஓரினமாயிருத்தல் அவசியம். ஹெக்டேருக்குச் சொல்லிய அளவை ஏக்கருக்கு இடுவோர் இதனையே மறக்கிறார்கள். ஏக்கர் ஒன்று ஏறக்குறைய 40½ ஏரே. ஹெக்டேர் 100 ஏர். ஆகவே உரம் இரண்டரை மடங்காகிவிடும். தழைச்சத்து மிஞ்சிய நெற்பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துக் கண்ணுக்கு அழகாயிருப்பினும், குலைநோய்க்கும் புகையானுக்கும் இரையாகிக் கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும்.

சிட்டாவில் ஹெக்டேர் 0, ஏர் 26.50 என்று கண்ட நஞ்சை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண் பரிசோதனை செய்யாவிடத்து மத்தியகால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பொதுச் சிபாரிசு. 100 ஏருக்கு 150 கிலோவானால் 26½ ஏருக்கு 39¾ கிலோ. அதனை அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்கு சமபாகமாக இடவேண்டும். தவணை ஒன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ.

இது சத்தின் நிறையேயன்றி உரத்தின் நிறையன்று. யூரியா 100 கிலோவில் தழைச்சத்து 46 கிலோ. 46 கிலோ சத்துக்கு 100 கிலோ யூரியா எனின், 10 கிலோ சத்துக்கு 21¾ கிலோ. இங்கே 46ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து, 4.6 கிலோ என்று விடை காண்போரும் உண்டு. உரத்தின் நிறை சத்தின் நிறைக்குக் குறைந்து வந்தால் கணக்குத் தலைகீழானதென்று உடனே அறிக. அம்மோனியம் ஸல்பேட்டில் சத்து நூற்றுக்கு 20.6 மட்டுமே, ஆதலால் அதே தவணைக்கு 48½ கிலோ வேண்டும். சத்து குறையுமளவு நிறை ஏறுவதால் இஃது எதிர்விகிதமாகும்.

நிலத்தின் அளவைச் சென்டில் மட்டும் அறிந்தவர் அதனை 2.47ஆல் வகுத்து ஏராக்கிக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலர்களும், கேட்பவருக்கு ஏர், சென்ட் இரண்டையும் சேர்த்துச் சொல்வது பேருதவியாகும்.

யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகக் கட்டப்படுகிறது. ஆகவே மேற்சொன்ன வயலின் ஒரு தவணை, அரை மூட்டைக்கு முக்கால் கிலோ குறைவு.