கீழாநெல்லி குடிச்சா போதுமா?

மூவாரில் நாலு நாள் மழை பெய்தால் போதும், வீட்டுப் பின்னால் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் காய். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'டுக்கோங் அனாக்', அதாவது பிள்ளையைச் சுமப்பது. மஞ்சள் காமாலை என்றால் நம்ம பாட்டிமார் கை முதலில் இதைத்தான் தேடும். அரைச்சு, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு 30 நாள் இந்தச் செடிப் பொடியைக் கொடுத்தது. 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. 'லான்செட்' இதழில் வெளியான அந்தக் கட்டுரையில், கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் ஓர் ஆசிரியர். படித்தபோது எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது.

அப்போ 'இலைச்சாறு கல்லீரலைக் காக்கும்' என்று இத்தனை ஆய்வுகள் வருவது எப்படி? பெரும்பாலும் எலிகள்தான். கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்தால் எலியின் கல்லீரல் செல்கள் உடையும், ஏ.எல்.டி. என்ற நொதி இரத்தத்தில் கசிந்து ஏறும். சாறு குடித்த எலிக்கு அது குறைவாக ஏறினால் 'பாதுகாப்பு'. கவனியுங்க, பல ஆய்வுகளில் சாறு முதலில், விஷம் பிறகு. நம்ம வீட்டில் கண் மஞ்சளான பிறகுதான் சாறு!

இன்னொன்று, ஹெப்பாடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு.

எங்க பெரியப்பா ரெண்டு வாரம் விடாமல் குடிச்சார். மஞ்சள் இறங்கவே இல்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் பித்தக் குழாயில் கல் அடைச்சிருந்தது. எந்த இலை அதை நகர்த்தும்?

மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி உண்டு. நம்மில் பெரும்பாலோர் போட்டிருப்போம். அதற்கு முன் பிறந்த அப்பா அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிருமி இருந்தாலும் பல வருஷம் வெளியே தெரியாது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது கூட்டிக்கிட்டுப் போங்க. பாட்டி சாறு கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க.