முதுகுப் பம்பை மாட்டி ஜன்னல் துடைக்கலாமா?

பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் பலர் இப்போது ஏணி ஏறுவதில்லை. தரையில் நின்றபடி நீண்ட கம்பை நீட்டி, அதன் நுனியிலுள்ள பிரஷால் மாடிக் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். கம்பையொட்டி ஓடும் மெல்லிய டியூபில் தண்ணீர் ஏறுகிறது. உயரத்தில் செய்யும் வேலைகளுக்காக அங்கே 2005-இல் வந்த விதிகள் ஏணியைத் தடை செய்யவில்லை. ஏறாமலே முடிக்கக்கூடிய வேலைக்கு ஏறாதே என்றன.

தண்ணீரைத் தள்ளுவது பெரும்பாலும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு. நம் வயல்களில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருப்பதும் அதே இனம்தான். ஆகவே ஸ்பிரேயரையே மாற்றிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். மாற்றலாம். ஆனால் கூடவே சில தப்புக் கணக்குகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை: மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றப் பெரிய மோட்டார் வேண்டும்.

உண்மை: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் போதும். சாதாரண ஸ்பிரேயர் பம்பே அதைப்போல் சில மடங்கு தரும். தண்ணீரை மடக்குவது உயரம் அல்ல, டியூப். உள்விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரைத் தள்ளக் குறைந்தது 16 மடங்கு அழுத்தம் தேவை. மோட்டாரை மாற்றுமுன் டியூபை மாற்றிப் பார்ப்பதே செலவு குறைந்த வழி.

நம்பிக்கை: வேகமாகப் பீய்ச்சினால்தான் அழுக்குப் போகும்.

உண்மை: அழுக்கை எடுப்பது பிரஷ், தண்ணீர் அதை அலசிவிடுகிறது, அவ்வளவே. நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் போதும். பயிருக்குப் புகைபோலத் தூவும் நாசில் இங்கே உதவாது. அதைக் கழற்றிவிட்டு, பிரஷில் கம்பிபோலத் தண்ணீர் விழும் இரண்டு சிறு துளைகளை வைக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் வாஷரை ஜன்னலுக்குத் திருப்பினால் ரப்பர் சீல் பெயரும். இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் நடுவில் ஈரம் புகுந்து நிரந்தரமாக மங்கிவிடும்.

நம்பிக்கை: குடிக்கிற தண்ணீர் சுத்தம்தானே, அதையே ஊற்றலாம்.

உண்மை: இந்த முறையில் கடைசியில் துணியால் துடைப்பதில்லை, கண்ணாடி தானே காய வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் டிடிஎஸ் (கரைந்துள்ள திடப்பொருள்) அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 20 லிட்டர் டாங்கில் கரைந்திருப்பது 10 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் உப்புக்குச் சமம். ஒவ்வொரு சொட்டும் காயும்போது ஓரத்தில் வெள்ளை வளையம் விழுவது அதனால்தான். ஆர்ஓ-வில் வடிகட்டி, பிறகு மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் வழியே விட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரைத்தான் தொழில்காரர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நம்பிக்கை: பம்பு ‘டக்... டக்...’ என்று விட்டுவிட்டு ஓடினால் பழுது.

உண்மை: அது பிரஷர் ஸ்விட்ச் போடும் சத்தம். வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் அழுத்தம் ஏறி மோட்டார் நிற்கும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓடும். இப்படியே நாள் முழுக்க ஓடினால் ஸ்விட்ச் தேயும். மோட்டார் வேகத்தைக் குறைக்கும் சின்னக் கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்தால் ஓட்டம் சீராகும்.

நம்பிக்கை: பூச்சிமருந்து அடித்த டாங்கை நாலு தடவை கழுவினால் போதும்.

உண்மை: டயாஃப்ரம், ஓஸ், வாஷர் ஆகியவற்றில் மருந்து ஊறியிருக்கும். அது வீட்டு ஜன்னலுக்கும், தலைக்கு மேலிருந்து சொட்டும் நீரில் நனைகிறவருக்கும் ஆகாது. இதற்கெனப் புது ஸ்பிரேயர்தான் வாங்க வேண்டும்.

நம்பிக்கை: 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது.

உண்மை: பேட்டரி அடிக்காது, கம்பு அடிக்க வைக்கும். அலுமினியம் மட்டுமல்ல, இலேசாக இருக்கிறதென்று விரும்பி வாங்கும் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். சுவரோரம் மின்கம்பி போகும் தெருவில், கம்பின் முதல் மூட்டைத் திறக்கும் முன்பே அண்ணாந்து பார்த்துவிட வேண்டும்.