பாம்பு வேட்டைப் போட்டி: வென்றது பரிசா, பழக்கமா?

விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கும் பால்மரத் தொழிலாளிக்குப் பாம்பைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மங்கைத் துடைக்கக் குனியும் வேளையில் சருகு சற்றே அசைந்தாலும் கை தானாகவே நின்றுவிடும். கூலிம், பாடாங் செராய், பீடோங், பாலிங் என்று கெடா மாநிலத்தின் எந்த வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்தவராயினும் இவ்வனுபவம் இல்லாதவர் அரியர். கோழிக்கூண்டில் ஒரு மலைப்பாம்பு அகப்பட்டுவிட்டாலோ அன்று முழுதும் லயத்தில் அதே பேச்சுத்தான். அப்பேச்சினிடையே, “தலைக்கு இத்தனை வெள்ளி என்று அரசாங்கம் பரிசு அறிவித்துவிட்டால் ஒரே மாதத்தில் பாம்புப் பூண்டே இல்லாமல் செய்துவிடலாமே” என்று யாரேனும் ஒருவர் சொல்வதும் உண்டு.

கேட்பதற்கு நல்ல யோசனையாகவே தோன்றும். இதையொத்த ஒன்றை ஒரு நாடு உண்மையாகவே செய்து பார்த்திருக்கின்றது. அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில் 2013ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பங்குகொள்ளும் மலைப்பாம்பு வேட்டைப் போட்டி நடந்து வருகின்றது. அங்குள்ள பாம்பு வேட்டையில் தமிழர் இருவருக்கும் இடமுண்டு என்பதால் அக்கதை நமக்குக் கூடுதல் சுவை தருவதாகும்.

முதலில் அந்தப் பாம்பு அங்கு எவ்வாறு போயிற்று என்பதை அறிதல் வேண்டும். பர்மிய மலைப்பாம்பு அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. பர்மா, தாய்லாந்து, இந்தோசீனா, தென்சீனம் ஆகிய நிலங்களே அதன் தாயகம். வீட்டில் அழகுக்காக வளர்க்க விரும்பியோர் அதை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தனர். 1996 முதல் 2006 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பாம்புகள் அந்நாட்டில் வந்திறங்கின. கைக்கு அடக்கமாக வந்த குட்டி, பத்தடி பன்னிரண்டடி என்று வளர்ந்ததும் வளர்த்தவர்களில் சிலர் அதைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டனர். 1992இல் வீசிய ஆண்ட்ரூ புயலில் பாம்பு வளர்ப்பு நிலையமொன்று சிதைந்ததும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. எவர்கிளேட்ஸ் என்னும் அச்சதுப்பு நிலத்தில் தேசியப் பூங்காவாக உள்ள பகுதி மட்டுமே சுமார் 15 இலட்சம் ஏக்கர். தோட்டக் கணக்கில் எண்ணிப் பார்த்தால், ஆயிரம் ஏக்கர் கொண்ட தோட்டங்கள் 1,500 ஒன்று சேர்ந்தது போலாகும்! வெப்பமும் நீரும் இரையும் நிறைந்த அவ்விடத்தில் மலைப்பாம்பு இனம் பெருகி நிலைத்துவிட்டது என்பதை 2000ஆம் ஆண்டில் அறிஞர்கள் உறுதி செய்தனர்.

விளைவு கொடிது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பாம்பு பெருகுவதற்கு முன்னும் பின்னும் இரவில் சாலையோரங்களில் காணப்பட்ட விலங்குகளை ஒப்பிட்டது. ரக்கூன் என்னும் சிறு விலங்கு நூற்றுக்கு 99 பங்கு குறைந்திருந்தது. காட்டுப் பூனையினம் நூற்றுக்கு 87 பங்கு குறைந்துவிட்டது. சதுப்பு முயலோ கண்ணிலேயே படவில்லை. அங்குள்ள உயிரினங்கள் இத்தகைய பகையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவையல்ல. ஆகவே தப்பும் வழியும் அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்நிலையில்தான் மாநிலத்தின் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களை அழைத்தது. 2013ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய முதற்போட்டி ஒரு மாத காலம் நடந்தது. மிகுதியான பாம்புகளைப் பிடிப்பவருக்கு 1,500 டாலர், மிக நீண்ட பாம்பைப் பிடிப்பவருக்கு 1,000 டாலர் என்பது பரிசு. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் ஏறக்குறைய 1,600 பேர் பதிவு செய்துகொண்டனர். செய்தியாளர்களும் திரண்டனர். ஒரு மாதம் முடிந்தபின் எண்ணிப் பார்த்தபோது பிடிபட்டவை 68! ஏறத்தாழ 23 பேருக்கு ஒரு பாம்பு என்பதே அக்கணக்கு.

காட்டில் பாம்பு இல்லாமலில்லை; பல்லாயிரம் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. பழுப்பும் மஞ்சளும் கலந்த அதன் தோல், காய்ந்த கோரைக்குள் கலந்து மறைந்துவிடும். ஒருவர் நடந்து செல்லும் வழியில் நூறு பாம்புகள் கிடந்தால் அவற்றில் ஒன்றைக்கூட அவர் காண்பது அரிது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. போட்டிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சாலையிலும் கரைமேட்டிலும் தேடினர். பாம்போ உள்ளே கிடந்தது.

இக்குறையை உணர்ந்த ஆணையம், புளோரிடா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, 2017ஆம் ஆண்டு சனவரியில் வேறொரு முயற்சியில் இறங்கியது. தமிழ்நாட்டின் செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் குலத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை மொழிபெயர்ப்பாளர் இருவருடன் வரவழைத்தது. இரண்டு மாத வேலைக்கு, பயணச் செலவு உட்பட, ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 69,000 டாலர். அவ்விருவரும் அதற்குமுன் அமெரிக்கச் சதுப்பு நிலத்தைக் கண்டவரல்லர். அவ்வினப் பாம்பைக் காட்டில் பிடித்தவருமல்லர்.

இருளர் யார் என்பதையும் சொல்லிவிடுவது நலம். வட தமிழகத்துக் காட்டோரங்களில் வாழும் இம்மக்கள் பாம்பும் எலியும் பிடிப்பதில் தலைமுறைத் தேர்ச்சியுடையவர்கள். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகருக்குத் தோல் விற்றே பிழைத்து வந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை அடியோடு நிறுத்திவிட்டன. பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்கி வருகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவது அச்சங்கத்தின் முறை. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்தே சென்றிருக்கின்றது. கொன்று பிழைத்தவர்கள் கொல்லாமல் பிழைக்கக் கற்றுக்கொண்டனர். கூட்டுறவின் பயனை அறிந்த தோட்ட மக்களுக்கு இதன் அருமை விளங்கும்.

புளோரிடாவில் அவர்கள் வேலை செய்த விதம் அங்குள்ளோருக்குப் புதுமையாக இருந்தது. மற்றவர்கள் வண்டியில் விரைந்து சென்று பார்வையிட்ட இடத்தில் இவர்கள் மெல்ல நடந்தனர். பாம்பையே தேடாமல் அது சென்ற தடத்தையும், இட்ட எச்சத்தையும், வெயில் காயும் இடத்தையும் தேடினர். எவரும் நுழையத் தயங்கும் அடர்ந்த புதருக்குள் கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் புகுந்தனர். வந்து இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, கீ லார்கோ தீவின் பழைய ஏவுகணைத் தளத்தில் பிடிபட்ட 16 அடிப் பெண் பாம்பு. ஒரு மாதத்திற்குள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. இவ்விருவருக்கும் இந்திய அரசாங்கம் 2023இல் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

1,600 பேரையும் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது முழு நியாயமாகாது என்று வாசகர் கருதலாம். அது சரியே. ஒரு பக்கம் விடுமுறைக்கு வந்த கூட்டம். மறுபக்கம் அதுவே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் போட்டியின் பிற்காலக் கணக்குகளும் இதையே காட்டுகின்றன. 2025ஆம் ஆண்டு சூலையில் பத்து நாள் நடந்த போட்டியில் 934 பேர் கலந்துகொண்டு 294 பாம்புகளைப் பிடித்தனர். முந்தைய எல்லா ஆண்டுகளையும்விட அது அதிகம். ஆனால் அவற்றில் 60 பாம்புகளை ஒரே பெண்மணி பிடித்து 10,000 டாலர் பரிசைத் தட்டிச் சென்றார். ஐந்தில் ஒரு பங்கு அவருடையது! பழகிய கண்ணுக்கும் பழகாத கண்ணுக்கும் உள்ள தூரம் இதுதான். புது மண்டையில் உளி வைப்பவரையும் இருபதாண்டு வெட்டியவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தவர்க்கு இது வியப்பளிக்காது.

போட்டியால் பயனே இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. கலந்துகொள்வோர் முன்னதாகவே பயிற்சி பெற வேண்டும். உள்நாட்டுப் பாம்பைக் கொன்றவர் தகுதி இழப்பார். இதனால் எது அயலினம், எது சொந்த இனம் என்று பிரித்தறியப் பல்லாயிரவர் கற்றுக்கொண்டனர். இருப்பினும் உண்மையான வேலை ஆண்டு முழுதும் அமைதியாக நடைபெறுவது. 2017 முதல் தேர்ந்த வேட்டையாளர்களை மாநிலம் மணிக்கணக்கில் கூலி கொடுத்தும், பாம்பின் நீளத்துக்கேற்பத் தொகை சேர்த்தும் அமர்த்தியிருக்கின்றது. ஆண் பாம்பின் உடலுக்குள் வானொலிக் கருவி பொருத்தி விட்டு, இனப்பெருக்க காலத்தில் அது தேடிப்போகும் பெண் பாம்பைக் கண்டுபிடிக்கும் முறையும் 2013 முதல் கையாளப்படுகின்றது. அவ்வாறு 2021 டிசம்பரில் அகப்பட்ட ஒரு பெண் பாம்பின் எடை 215 இராத்தல்; வயிற்றில் உருவாகி வந்த முட்டைகள் 122. அப்படிப்பட்ட ஒன்றைப் பிடிப்பது நூறு குட்டிகளைத் தேடி அலைவதற்கு ஈடாகும்.

இனி, தலைக்கு விலை வைப்பதன் மறுபுறத்தையும் பார்ப்போம். 1902ஆம் ஆண்டில் ஹனோய் நகரத்துப் பிரெஞ்சு ஆட்சியினர் பிளேக் நோய்க்கு அஞ்சி, எலி வாலைக் கொண்டுவந்து காட்டினால் வாலுக்கு ஒரு காசு என்று அறிவித்தனர். வால்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆனால் தெருவில் வாலில்லா எலிகள் ஓடுவதும் கண்ணில் பட்டது! பிடித்தவர்கள் வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு, மேலும் குட்டி போடட்டும் என்று எலியை ஓடவிட்டிருந்தனர். நகர்ப்புறத்தில் எலி வளர்ப்பே நடந்தது தெரியவந்ததும் பரிசு நின்றது. டில்லியில் நாகத்துக்கு விலை வைத்ததாக வழங்கும் கதை இதைப் போன்றதே. அது கதை, இது ஆவணத்தில் உள்ளது. புளோரிடா இவ்வாபத்தை ஓரளவு தவிர்த்திருக்கின்றது. போட்டியில் வென்றோர் சிலருக்கே பரிசு. தவிர, 2021இல் அம்மாநிலம் பர்மிய மலைப்பாம்பைத் தடை செய்யப்பட்ட இனங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

நம் நாட்டிலும் உதாரணம் இல்லாமலில்லை. வீட்டுக் காக்கை நமக்கு அயலினமே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னும் என்று நம்பி இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது. காக்கை மட்டும் தங்கிவிட்டது. நகராண்மைக் கழகங்கள் பல, துப்பாக்கி உரிமம் பெற்றவர்களை அழைத்துக் காக்கை சுடும் முயற்சிகளை நடத்தியிருக்கின்றன. எனினும் சந்தைக்குப் பின்னால் குப்பை கிடக்கும் வரை காக்கையும் அங்கேதான் இருக்கின்றது.

கெடா தோட்டங்களுக்கு வருவோம். நாம் காணும் மலைப்பாம்பு இம்மண்ணுக்கே உரியது. இங்குள்ள பாம்புகளிலெல்லாம் நீளமானது. எலியைத் தின்று செம்பனைக்கும் நெல்லுக்கும் நன்மை செய்வது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி அதை வேட்டையாடுவதும் வைத்திருப்பதும் குற்றமாகும். பரிசு வைத்தால் முதலில் அடிபடப் போவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் இதுவே. பால்மரக்காட்டில் கடிப்பதோ பெரும்பாலும் வேறொன்று. பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் என்பார் வடமலாயாவின் பாம்புக்கடிகளை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரைகளில் முதன்மை இடம் பெற்றது, மலாய்க்காரர் ‘காப்பாக் போடோ’ என்றழைக்கும் மலாயா விரியன். செம்பழுப்பு உடலில் கருமுக்கோணக் குறிகளுடன் சருகோடு சருகாக அது கிடக்கும். ஆள் அரவம் கேட்டாலும் ஓடாது, மிதித்தால் கடிக்கும். மரங்கள் இலையுதிர்த்து நிரை முழுதும் சருகு மூடியிருக்கும் மாதங்களில் அதைக் காண்பது இன்னும் கடினம். பழகாத ஆயிரம் பேரை அச்சருகில் வேட்டைக்கு இறக்கினால் பிடிபடும் பாம்பைவிடக் கடிபடும் கால்களே மிகுதியாகும்.

எனவே முழங்கால் வரை மூடிய காலணியும், வெளிச்சம் குன்றாத தலைவிளக்கும், நிரைப்பாதையில் சருகை ஒதுக்கி வைப்பதும் பால்மரம் வெட்டுவோர்க்கு எந்தப் பரிசையும்விட உதவும். கடிபட்டால் இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் பலகையோடு சேர்த்து வைத்து, அரசாங்க மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மலாயா விரியனுக்கும் நாகத்துக்கும் தனித்தனி மாற்று மருந்து உண்டு. ஆகையால் பாம்பின் நிறத்தையும் குறியையும் நினைவில் வைத்து டாக்டரிடம் சொல்வது பயன் தரும். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. மலைப்பாம்பு கோழிக்கூண்டில் நுழைந்திருந்தால் 999 எண்ணை அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையினரை வரச்சொல்லலாம். அவர்கள் வந்து சேரும்வரை கூண்டின் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் செய்தால் போதுமானது.