நம் வட்டாரத்து மழையும் காய்கறித் தோட்டமும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை நாம் யாவரும் படித்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், துணிமூட்டையோடு இப்பழமொழியையும் சுமந்து வந்தனர். ஆடியில் விதைத்த பயிர், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையை உண்டு வளரும் என்பது அதன் கருத்து. மதுரை வட்டாரத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதுவும் சில திங்கள்களுக்குள் பெய்து முடிந்துவிடும். ஆகவே அங்கே உழவர் மழையைத் தேடி விதைத்தனர். மலாக்கா மாநிலத்திலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இங்கே மழையைத் தேட வேண்டியதில்லை. அதற்கு ஒதுங்கி விதைக்கத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆடிப் பட்டத்தை அப்படியே லூபோக் சீனாவில் கடைப்பிடிப்போர் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

நாம் வாழும் லூபோக் சீனா, அலோர் காஜா மாவட்டத்தில் லிங்கி ஆற்றை அடுத்து, நெகிரி செம்பிலான் எல்லையருகே அமைந்துள்ளது. 'லூபோக்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆற்றில் உள்ள ஆழமான மடு என்பது பொருள். நில நடுக்கோட்டிற்கு இரண்டரைப் பாகைக்குள் இருப்பதால், இங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமமாகவே உள்ளன. வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. நம் பருவங்களைப் பிரித்துக் காட்டுவன காற்றும் மழையுமே ஆகும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது கொண்டுவரும் நீரின் பெரும்பகுதியைக் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளிலேயே கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து நம்மை வந்தடைகிறது. எனவே பிப்ரவரியே நம் பகுதியில் மழை மிகக் குறைந்த மாதம். மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அதற்கும் சுமத்திரா மலைகள் தடையாக நிற்கின்றன. ஆயினும் அத்தீவின் பக்கமாக இரவில் திரளும் இடிமேகங்கள் நீரிணையைக் கடந்து, விடியுமுன் பெருங்காற்றோடு நம் கூரைகளைத் தட்டும். இதனைச் 'சுமத்திராக் காற்று' என்பர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி மட்டும் கடல் கடந்தும் பொருந்திவிட்டது! இரு பருவக்காற்றுகளும் மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை பெரும்பாலும் பிற்பகலில், இடியுடன் வரும். அக்டோபரும் நவம்பரும் நமக்கு மிகுந்த மழை மாதங்கள். ஐப்பசியில் அடைமழை என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கும் உண்மையே.

இவை சராசரிக் கணக்குகள் என்பதை மறத்தல் ஆகாது. 1991-இல் துரியான் துங்கல் அணை வறண்டு, மலாக்கா மாநிலமே குடிநீருக்குத் தவித்தது. மாறாக, 2022 ஜனவரித் தொடக்கத்தில் இதே மாநிலத்தில் வெள்ளம் புகுந்து மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மழைக்கும் நம் அடுப்படிக்கும் உள்ள தொடர்பைப் பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. விடியற்காலை மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழியும், மங்கில் விழுந்ததும் மழைநீரோடு கலந்துவிடும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வருமானமும் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது பாலும் குறைந்துவிடுகிறது. இன்று பெரும்பாலான தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. எனினும் கனமழையில் பாதை சேறாகிக் குலை ஏற்றுவது தடைப்படும் நாள்களை அங்கு உழைப்போரும் அறிவர். வருமானம் குறையும் அந்நாள்களில் கீரையும் வெண்டையும் கடைக்குப் போகாமலே கிடைக்குமாயின் அது சிறு உதவியன்று. 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடங்களில் உணவுப் பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்ததும் இது போன்ற எண்ணத்தில்தான். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே உண்டு உயிர்காத்த தலைமுறைக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கியிருக்கும்.

மாணவர்களே, முதலில் மழையை அளந்து பழகுங்கள். பக்கங்கள் நேராக உள்ள வெற்றுப் பால்மாவு டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை நின்றதும் அளவுகோலை அடிவரை இறக்கி, நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பாத்தியில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர் நீர் விழுந்திருக்கும். ஒன்பது லிட்டர் பூவாளியால் பத்து முறை ஊற்றியதற்கு அது சமம். நம் ஊரில் ஒரு பிற்பகல் மழையே இதனைச் செய்துவிடும்!

அந்த 90 லிட்டரும் எங்கே போகும் என்பதே தோட்டக் கலையின் முதற்கேள்வி. பள்ளித் தோட்டத்தில் நாம் முதன்முறை கீரை விதைத்தபோது இதைக் கேட்கத் தவறினோம். சமதரையாக மண்ணைக் கொத்தி, அக்டோபரில் விதையைத் தூவினோம். மறுநாள் பெய்த மழை விதைகளையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துச் சென்றது. ஒரு வாரம் கழித்து அம்மூலையில் மட்டும் புல்வெளி போலக் கீரை முளைத்து நின்றது. மாணவர்கள் சிரித்தனர், நாமும் சிரித்தோம்.

மழைக்காலத்தில் பாத்தியை ஓர் அடி உயர்த்துதல் வேண்டும். அகலம் மூன்று அல்லது நான்கு அடி போதும். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி, அதன் முடிவைத் தாழ்ந்த பக்கம் திருப்பிவிடுக. சரிவான நிலமாயின் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக அமைக்க வேண்டும். நெடுக்காக அமைத்தால் மேல்மண் முழுவதும் ஆற்றுக்குப் போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே காய்ந்த புல்லை மெல்லியதாகப் பரப்புக. முளை தெரிந்தவுடன் புல்லை நீக்கிவிடலாம். மிளகாய், கத்தரி ஆகியவற்றின் விதைகளைத் திறந்த நிலத்தில் இடவே கூடாது. கூரையோரத்தில், தென்னங்கீற்றின் அடியிலோ நெகிழித்தாளின் அடியிலோ நாற்றாக வளர்த்து, ஐந்தாறு இலை வந்தபின் ஒரு மாலை வேளையில் நடுக.

மழை நம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. ஆதலால் மண் புளிப்பாக இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் அப்புளிப்பைத் தாங்கும், காய்கறி தாங்காது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னர் விவசாயச் சுண்ணாம்பைத் தூவிக் கிளறிவிட வேண்டும். அடுப்புச் சாம்பலும் ஓரளவு உதவும். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒன்றாக இடுவது வீண்செலவு. சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடும். உரத்தைச் சிறுகச் சிறுக இட்டு மண்ணால் மூடுவதே மழை ஊருக்கு ஏற்ற முறை. நன்கு மக்கிய மாட்டெருவோ இலையெருவோ கலந்த மண், நீரை வடியவும் விடும், வேண்டிய அளவு பிடித்தும் வைக்கும்.

இனி எப்போது எதை விதைப்பது? அறுவடை வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே எளிய வழி. தண்டங்கீரையும் கங்குங்கும் நான்கு வாரத்தில் பறிக்கலாம். வெண்டையும் நீளப் பயற்றங்காயும் ஏழு வாரமளவில் காய்க்கத் தொடங்கும். மிளகாய்க்கு விதையிலிருந்து மூன்று மாதம் வேண்டும். ஆகவே வருமானம் குறையும் பிப்ரவரியில் காய் வேண்டுமெனில், மிளகாய் விதையை அக்டோபர் இறுதியில் கூரையின் கீழ் இட வேண்டும். வெண்டையையும் பயற்றையும் டிசம்பர் நடுவில் ஊன்ற வேண்டும். அடைமழைக் காலத்தில் தாழ்ந்த மூலையைக் கங்குங்குக்கு விட்டுவிடலாம். ஈரம் அதற்குப் பகையன்று. சுமத்திராக் காற்று வீசும் மாதங்களில் பாகல், புடலைப் பந்தல்களின் கால்களை ஆழ ஊன்றுதல் நலம்.

மழைக்காலத்தில் மிளகாய், கத்தரி, தக்காளிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடித் துவளுவதுண்டு. பலர் நீர் போதவில்லை என எண்ணி மேலும் ஊற்றுவர். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெண்ணிற நூல்போல் பால் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்தில்லை. செடியை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, அவ்விடத்தில் இம்மூன்றையும் நெடுநாள் நடாமல், பயறோ சோளமோ பயிரிடுவதே தக்கது.

பிப்ரவரி வந்ததும் வேலை தலைகீழாகிவிடும். வடிய வைத்த நீரை இப்போது தேக்க வேண்டும். அரிசி கழுவிய நீரைக்கூட வீணாக்காமல் செடியடியில் ஊற்றலாம். செடிகளின் அடியை மூடிவைக்கச் சருகு தேவைப்படும் அதே மாதத்தில், ரப்பர் மரங்கள் தாமாகவே இலைகளை உதிர்த்துத் தரையெங்கும் பரப்பிவைக்கின்றன! அருகில் ரப்பர் நிற்கும் இல்லத்தார் அவற்றை அள்ளி மூன்று விரற்கடை கனத்திற்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். லாலாங் புல்லைப் பயன்படுத்துவோர் அதன் கிழங்கு ஒட்டாதபடி மேலே அறுத்தெடுக்க வேண்டும்.

விதை எடுக்கவும் இக்காலமே ஏற்றது. நல்ல வெண்டைச் செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, அவை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுக்கவும். விதைகளை நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பலுடன் கலந்து, இறுக மூடும் போத்தலில் இட்டு, எடுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டி வைக்கவும்.