சாப்பிட்ட பின் பத்து நிமிஷம்
(கர்ப்பகாலச் சர்க்கரை பற்றித் தம்பதியருக்கு)



கர்ப்பிணி முதல் தடவை வரும்போதும், பிறகு ஆறாம் மாத வாக்கில் மறுபடியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, இரத்தம் பார்க்கிறார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று சீட்டில் எழுதுகிறார்கள். சீட்டோடு வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? "இனிமே நீ ஒண்ணும் செய்யாதேம்மா, படுத்துக்கோ" என்கிறார் மாமியார். கணவரும் தலையாட்டுகிறார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லாதபோது, படுத்தே கிடப்பது சர்க்கரையை ஏற்றத்தான் உதவும்.

எப்படி என்று பார்ப்போம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் போனால் பலம். இரத்தத்திலேயே தங்கினால் கேடு. தசையின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின் என்ற ஹார்மோன். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையம் இதைச் சுரக்கிறது. தசை அணுவின் மேல் இதற்கென்றே பூட்டுகள் உண்டு. சாவி பொருந்தியதும் உள்ளே செய்தி போய், கதவு திறக்கிறது.

கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியிலிருந்து வேறு சில ஹார்மோன்கள் சுரக்கின்றன. குழந்தைக்குத் தீனி குறையக்கூடாது என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. அவற்றால் தாயின் இன்சுலின் மந்தமாகிறது. சாவி பூட்டில் பொருந்தத்தான் செய்கிறது. கதவுதான் மழையில் ஊறின மரக்கதவு மாதிரி இறுகி நிற்கிறது. பல பெண்களுக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறும். அது குழந்தைக்கும் போய், குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரென்று தாழவும் கூடும்.

நடந்தால் இது எப்படிக் குறைகிறது? 1979-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், உடற்பயிற்சி செய்தவர்களின் இரத்த வெள்ளணுக்களில் இன்சுலின் முன்பைவிட அதிகமாக ஒட்டுவதைக் கண்டார்கள். பூட்டுகள் கூடினதுதான் காரணம் என்று அப்போது எண்ணத் தோன்றியது. ஆனால் சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது வெள்ளணு அல்லவே, தசை! பிற்பாடு தசையையே எடுத்துச் சோதித்தபோது, இன்சுலின் ஒட்டின பிறகு உள்ளே நடக்கும் வேலைதான் முக்கியம் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: தசை சுருங்கி விரியும்போது, சாவி இல்லாமலே திறக்கும் ஒரு கொல்லைக்கதவு அதற்கு உண்டு. நடக்கும் காலின் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள்வரை முன்கதவும் சற்று இலகுவாகத் திறக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தால் போதாது.

"வீட்டு வேலையே நடைதானே?" என்று கேட்பீர்கள். வயல் வேலை, தண்ணீர் சுமப்பது கணக்கில் சேரும். அடுப்பின் முன் நிற்பது சேராது. காலை, மதியம், இரவு சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிஷம் நடந்தால் அரை மணி ஆகிவிடும். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும்.

அத்திப்பட்டில் எங்கே நடப்பது? அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் லாரி ஓடுகிற சாலை வேண்டாம். உங்கள் தெருவிலேயே நாலு தடவை போய் வாருங்கள், கோயிலைச் சுற்றுங்கள். ஷிப்டு முடிந்து வந்த கணவர் "அசதியா இருக்கு" என்பார். "பத்து நிமிஷந்தானே, வாங்க" என்று அழையுங்கள். அவருக்கும் இது வேண்டியதே. 2006-இல் வெளிவந்த சென்னை ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி நடந்து, உணவையும் சீராக்கியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

உதிரப்போக்கு, நீர் கசிவு, முன்னதாகவே வலி, அதிக இரத்த அழுத்தம் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நடக்க வேண்டாம். நடக்கையில் தலைசுற்றினாலோ வயிறு இறுகினாலோ உட்கார்ந்துவிடுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர் கையில் கொஞ்சம் வெல்லம் வைத்துக்கொள்ளவும். உணவும் நடையுமாக இரண்டு வாரம் பார்த்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அளவு 120-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். அதை மறுக்காதீர்கள், ஊசி போடுவதால் நடை தோற்றது என்று அர்த்தமில்லை.

பிரசவமானதும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். "அதான் சரியாப் போச்சே" என்று அநேகர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது, தாயும் மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த குழந்தை எப்போது என்று தீர்மானிக்குமுன் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அன்றைக்குத் துணைக்கு வரும் கணவரும், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லித் தம் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம்.