பிரிண்ட் வரவில்லையா? டிரைவரைக் கடைசியில் தொடுவோம்!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை மாணவர்)



டிப்ளமோ முடிப்பதற்குள் நாம் எத்தனையோ ரெக்கார்டு நோட்டு எழுதுகிறோம். சி புரோகிராம், நெட்வொர்க், மைக்ரோபிராசஸர் என்று என்னென்னவோ படிக்கிறோம். ஆனால் வெளியில் ஒரு கடையிலோ ஆபீஸிலோ போய் உட்கார்ந்தால், முதல் நாளே நம்மிடம் வரும் கேள்வி, "தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிற, இந்தப் பிரிண்டர் ஏன் ஓடலன்னு கொஞ்சம் பாரேன்" என்பதுதான். அந்தக் கேள்வியில் தோற்றுப்போனவன் என்ற ஒரே தகுதியில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நடந்தது என்ன?

ஸ்டடி லீவில் ஆவுடையார்கோவில் கடைவீதியில் தெரிந்த அண்ணன் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கடைசி நாள் அன்று. அண்ணன் வெளியூர் போயிருந்தார். காலையில் மேஜையைத் துடைக்கிறேன் என்று ஒயர்களையெல்லாம் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, சிட்டா ஒண்ணு எடுத்துக் குடுப்பா. சொசைட்டில இன்னைக்கே குடுக்கணுமாம்" என்றார். சிட்டா திரையில் வந்துவிட்டது. பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். "ஆஃப்லைன்" என்று காட்டியது.

நான் படித்த பையன் அல்லவா? "டிரைவர் பழசாயிருச்சு ஐயா, அப்டேட் பண்ணிட்டா சரியாயிரும்" என்று சொல்லி, இருந்த டிரைவரை அழித்தேன். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு தளத்திலிருந்து, கிட்டத்தட்ட அதே மாடல் பெயருள்ள டிரைவரை இறக்கிப் போட்டேன். இப்போது பிரிண்டர் ஓடியது. தாள் தாளாக வந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி, அதுவும் கிறுக்கல் குறிகள். முப்பது தாள் போன பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். பெரியவர் ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷை தம்பி?" என்றார். அதற்கு மேல் காத்திருக்க நேரமில்லாமல் அறந்தாங்கி பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். மானிட்டர் பக்கமே போகவில்லை. மெஷினின் பின்னால் எட்டிப் பார்த்தார். "காலைல இந்த ஒயர எங்கடா இருந்து எங்க மாத்துன?" என்று கேட்டார். பின்பக்கத் துளையில் இருந்த பிரிண்டர் ஒயரை நான் முன்பக்கத் துளையில் செருகியிருந்தேன். அவ்வளவுதான் கோளாறு!

டிரைவர் செய்யும் வேலை

டிரைவர் என்றதும் நமக்குப் பஸ் டிரைவர்தான் நினைவுக்கு வருவார். இந்த டிரைவர் செய்வதோ மொழிபெயர்ப்பு வேலை. நாம் திரையில் பார்க்கும் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருவதே அதன் பணி. எங்கள் ஊர் ஆத்மநாத சுவாமி கோயில் கருவறையில் லிங்கத் திருமேனி கிடையாது. ஆவுடையார் எனும் பீடம் மட்டும் உண்டு. இறைவனுக்கு அருவமாகவே வழிபாடு. டிரைவரும் கண்ணில் படாத ஒன்றுதான். (ஒப்பிட்டதைப் பெரியோர் பொறுத்தருள்க!)

பிரிண்டர்கள் எல்லாம் ஒரே மொழி பேசுவதில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் எப்சன் நிறுவனத்தின் இஎஸ்சி/பி மொழி பரவலாயிற்று. 1984-இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட்டுடன் பிசிஎல் மொழி புகழ்பெற்றது. அடோப் நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் அதே ஆண்டில் வந்தது. விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் இவை எதுவுமே இருக்காது. பக்கத்தைக் கணிப்பொறியே முழுதாகத் தயாரித்து, அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவில் அனுப்ப வேண்டும். ஒரு மொழிக்கான டிரைவரைப் போட்டு வேறு மொழி பேசும் பிரிண்டருக்கு அனுப்பினால், கட்டளைகளையே எழுத்துகள் என்று எண்ணி அது அச்சடித்துத் தள்ளும். பெரியவர் கேட்ட "பாஷை" அதுதான்.

டாஸ் காலத்தில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ் போன்ற ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே பிரிண்டரைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. விண்டோஸில் ஒரே டிரைவரை எல்லா மென்பொருளும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே அதைக் கெடுத்தால் எல்லாமே கெடும்.

சங்கிலியைக் கணு கணுவாகப் பாருங்கள்

பிரிண்ட் கொடுத்தது முதல் தாள் வெளியே வருவது வரை ஒரு சங்கிலி. மென்பொருள், டிரைவர், ஸ்பூலர், போர்ட், கேபிள், பிரிண்டர் என்று ஆறு கணு. கேபிள் பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. பார்க்க எளிது, கெடுக்க ஏதுமில்லை.

1. பிரிண்டர்: கணிப்பொறியிலிருந்து கழற்றிவிட்டு செல்ஃப் டெஸ்ட் எடுங்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அதன் கையேட்டில் இருக்கும். தாள் சரியாக வந்தால் இயந்திரத்தில் குறையில்லை. வராவிட்டால் எத்தனை டிரைவர் மாற்றினாலும் பயனில்லை.

2. கேபிளும் போர்ட்டும்: சில பிரிண்டர்களை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எண்ணி, அதே பெயரில் "காப்பி 1" என்று இன்னொன்றை உண்டாக்கும். நாம் கொடுப்பதெல்லாம் பழையதற்கே போகும். அது ஆஃப்லைனில் கிடக்கும். ஒயரைப் பழைய துளையில் செருகுங்கள், அல்லது புதியதை டிஃபால்ட் ஆக்குங்கள். "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்" என்பதில் டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. ஸ்பூலர்: பல பேர் கொடுக்கும் வேலைகளை வரிசையில் நிற்கவைக்கும் கண்டக்டர் இவர். முதலில் நிற்கும் வேலை கெட்டுப்போனால் பின்னால் இருப்பவை நகராது. சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சிஸ்டம் 32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள். பிறகு ஸ்பூலரை மறுபடி ஓட்டுங்கள்.

4. மென்பொருள்: நோட்பேடில் நாலு எழுத்து அடித்து பிரிண்ட் கொடுங்கள். நோட்பேடில் வந்து வேறொன்றில் வராவிட்டால் டிரைவர் மேல் பழி போடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திரையிலேயே ஆங்கில எழுத்தாகத் தெரியும். அது எழுத்துருக் கோளாறு. பிடிஎஃப் கோப்பில் திரையில் தமிழ் சரியாக இருந்து தாளில் மட்டும் உடைந்தால், அக்ரோபேட் ரீடரில் அட்வான்ஸ்டு என்பதற்குள் "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" கொடுத்துப் பாருங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் டிரைவரிடம் போக வேண்டும்.

டிரைவரை மாற்றும் முறை

முதலில், காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். நன்றாக ஓடும் டிரைவரைப் "பழசு" என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் மாறியிருந்தாலோ, கிறுக்கல் வந்தாலோ, பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டிருந்தாலோ மாற்றலாம்.

இரண்டாவது, பிரிண்டர் மாடலை எண் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே பழைய பிரிண்டர் வைத்திருக்கும் கடைக்காரர் விண்டோஸ் மாற்றச் சொன்னால், 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

மூன்றாவது, பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் போட்டு வைத்த பிறகே பழையதை நீக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் இருக்கும் "ரோல் பேக்" பொத்தான் பிரிண்டருக்கு எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். அன்று எங்கள் கடையைக் காப்பாற்றியது அண்ணன் டிராயரில் வைத்திருந்த பென்டிரைவ்தான்.

நான்காவது, பிரிண்டரை நீக்கினாலும் டிரைவர் உள்ளேயே இருக்கும். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய் டிரைவரையும் அதன் பேக்கேஜையும் சேர்த்து நீக்குங்கள். புதியதைப் போடும்போது, கேட்கும் வரை யுஎஸ்பி ஒயரைச் செருகாதீர்கள்.

கொஞ்சம் வெளியுலகம்

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள் தோழர்களே! 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் கிடைக்காததால் அப்படிச் செய்ய முடியவில்லை. அந்த மனக்குறையும் சேர்ந்தே 1983-இல் அவரைக் குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேரில் ஒரு பிரிண்டரும் இருக்கிறது!

2021 ஜூலையில் "பிரிண்ட் நைட்மேர்" என்ற குறை விண்டோஸ் ஸ்பூலரில் வெளிப்பட்டது. அதன் வழியாக வெளியாள் மெஷினையே கைப்பற்ற முடியும் என்று தெரிந்ததால், அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, நெட்வொர்க் பிரிண்டரின் டிரைவரைப் போட அட்மினிஸ்டிரேட்டர் உரிமை வேண்டும் என்று ஆக்கினார்கள். லேபில் பாஸ்வேர்டு கேட்டால் சாரைத் திட்டாதீர்கள், காரணம் இருக்கிறது.

கம்பெனிக்கொரு டிரைவர் என்ற முறையே மெல்ல மாறி வருகிறது. 2010-இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது. 2013-இல் கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பை அமைத்தன. தனி டிரைவர் இல்லாமல் ஐபிபி என்னும் பொது முறையில் அச்சடிப்பதே நோக்கம். கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதை 2027-க்குள் படிப்படியாகக் குறைப்பதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. கம்பெனி இன்ஸ்டாலரைக் கொண்டு நாமே போட்டுக்கொள்வதற்கு அதில் தடையில்லை. கடைவீதிகளில் இருக்கும் பழைய பிரிண்டர்களை நினைத்தால், பென்டிரைவுக்கு இன்னும் பல காலம் வேலை இருக்கும் என்றே தோன்றுகிறது.

முடிவாக

பத்து நாள் கழித்து அந்தப் பெரியவரைக் கடைவீதியில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா, அன்னைக்கு..." என்று இழுத்தேன். "கட்டியாச்சு தம்பி. அறந்தாங்கி போய் எடுத்துட்டு ஓடி வந்து, கடைசி ஆளா குடுத்தேன். ஒரு நாள் பொழப்புதான் போச்சு" என்றார். என் மேல் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவருடைய ஒரு நாள் போனது டிரைவரால் அல்ல. எனக்குத் தெரிந்ததை முதலில் செய்தேன், பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கவில்லை. நாளை நாம் பெரிய பெரிய மெஷின் முன்னால் நிற்கப் போகிறோம். அங்கேயும் இதே முறைதான்: முதலில் பார், பிறகு சோதி, கடைசியில் மாற்று. மாற்றும் முன் பழையதைப் பத்திரப்படுத்து.

பிழை இருந்தால் பொறுத்தருளவும்.