முதல் கப்பல் கிடைக்கும்வரை

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கப்பல் வேலைக்கு ஆசைப்படும் பையன்கள் தேடி வந்து கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, எந்த இன்ஸ்டிடியூட்ல சேரலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "படிச்சு முடிச்சப்புறம் உன்னைக் கப்பல்ல யாருடா ஏத்துவா?" பெரும்பாலும் பதில் வராது. நான் ஜி.பி. ரேட்டிங் என்ற பொதுப்பணி மாலுமியாகச் சேர்ந்து, ஓ.எஸ். (சாதாரண மாலுமி), ஏ.பி. (தேர்ந்த மாலுமி) என்று படிப்படியாக ஏறி, இன்று போசனாக டெக்கில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். இத்தனை ஆண்டுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதல் வேலையைப் படிப்பு முடிந்த பிறகு தேடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே தேடுங்கள்.

காரணம் இருக்கிறது. பெரிய சரக்குக் கப்பலிலும் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்போம். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குக் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழிலேயே வரம்பு உண்டு. லைஃப் போட்டில் உள்ள இடத்துக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற முடியாது. கட்டாயம் இருக்க வேண்டிய ஆட்கள் கணக்கில் டிரெயினி வரமாட்டான். அவனுக்கு ஒரு கேபின், சாப்பாடு, விமான டிக்கெட், கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த ஆள் என எல்லாமே கம்பெனிக்குச் செலவு. பின்னால் தன்னிடமே வேலை பார்ப்பான் என்று நம்பும் பையனுக்குத்தான் அந்தச் செலவைச் செய்வார்கள். 'கப்பலுக்கு ஆள் பற்றாக்குறை' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் அனுபவம் உள்ள அதிகாரிகளைப் பற்றியது. அதை நம்பிப் புதிதாக வருகிறவர் கணக்குப் போடக் கூடாது.

'ஆறு மாதத்தில் மெர்ச்சன்ட் நேவி ஆபீசர்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அதிகாரியாக விரும்புகிறவர் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2008-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஆறு மாதப் படிப்பு என்பது ஜி.பி. ரேட்டிங். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீத மதிப்பெண், 17½ முதல் 25 வரை வயது என்பது அதற்கான பொதுவான தகுதி. முடித்தால் டெக்கில் டிரெயினி ஓ.எஸ். அல்லது இன்ஜின் ரூமில் டிரெயினி வைப்பர். துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கயிறு இழுப்பது, எண்ணெய் துடைப்பது. கௌரவமான வேலைதான், ஆனால் அதிகாரி வேலை அல்ல. இரண்டையும் குழப்பித்தான் பல பெற்றோர்களிடம் பணம் வாங்குகிறார்கள்.

நான் சேருமுன் என் அப்பாவும் நானும் ஒரு காரியம் செய்தோம். பயிற்சி நிலையத்தின் வாசலில், முந்தைய பேட்ச் பையன்களைத் தேடிப் பேசினோம். கப்பல் ஏறியவர்கள் யார், எந்தக் கம்பெனி, படிப்பு முடிந்து எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று கேட்டோம். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று சொன்ன ஓர் இடத்தில் ஒரு பையனின் கடல் சேவைப் பதிவுப் புத்தகமான சி.டி.சி.யைக் காட்டச் சொன்னபோது, அதில் ஒரு கப்பலின் முத்திரைகூட இல்லை. நாங்கள் அங்கே சேரவில்லை. கப்பல் கம்பெனிகளே நடத்தும், அல்லது கம்பெனி முன்கூட்டியே பையன்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நிலையங்களை முதலில் முயலுங்கள். அங்கே இடம் கிடைப்பது கடினம். ஆனால் அங்கே சேர்ந்தவனுக்குக் கப்பல் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

கட்டணம் கட்டுமுன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடமே போங்கள். நிறக்குருடு இருந்தால் டெக் வேலை கிடையாது. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிகிறதா, பச்சை விளக்கு தெரிகிறதா என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வோம். அதில் தவறினால் மோதல். பையனுக்கு இந்தக் குறை இருப்பது பணம் கட்டிய பிறகு தெரியவந்து, வீடே அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இனி பணத்தைப் பற்றி. இதில்தான் எங்கள் கடற்கரை ஊர்களில் அதிகம் பேர் அழிகிறார்கள். கப்பலில் ஏற்றுவதற்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவை மட்டுமே நம் தலையில் போடலாம். விசா செலவும் கப்பல் உரிமையாளருடையது. 'சர்வீஸ் சார்ஜ்', 'டெபாசிட்', 'கேப்டனுக்குக் கொடுக்கணும்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது சட்டவிரோதம்.

ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலும், உரிமம் எதுவரை செல்லும் என்பதும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் உண்டு. எண் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். உரிமம் உள்ள கம்பெனியின் பெயரைச் சொல்லி ஊர் ஊராகச் சுற்றும் துணை ஏஜென்ட்டுகள் நிறைய. விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, "இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா, இந்த வேலை உண்மையா?" என்று கேளுங்கள். பணத்தை ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, டூரிஸ்ட் விசாவில் வளைகுடாத் துறைமுகத்துக்கு அனுப்புவது, வெளிநாட்டு சி.டி.சி. வாங்கித் தருகிறேன் என்பது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் பேச்சை நிறுத்துங்கள். எங்கள் பக்கத்துத் தெருப் பையனுக்கு வீட்டில் நகையை அடகு வைத்து ஒரு தரகரிடம் கொடுத்தார்கள். அவன் போய்ச் சேர்ந்தது சம்பளமே வராத ஒரு பழைய சின்னக் கப்பல். திரும்பி வந்தபோது அவன் கையில் கடனைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அங்கே உழைத்த காலத்தை இங்கே கணக்கில் சேர்க்கவும் வழி இல்லாமல் போயிற்று.

காகிதங்களில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் அதன் சான்றிதழ் செல்லும். 'நாளை மறுநாள் பிளைட்' என்று கூப்பிடும்போது ஊசி போட ஓடினால் வாய்ப்பு அடுத்தவனுக்குப் போய்விடும். இண்டோஸ் என்னும் கடலோடிப் பதிவு எண், சி.டி.சி., அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் விஷயத்தில் தமிழ்ப் பையன்களுக்குத்தான் அதிகம் சிக்கல் வருகிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்தே சரிபாருங்கள். எண்ணெய், ரசாயன டேங்கருக்கான அடிப்படைப் பயிற்சியையும் முடிந்தால் எடுத்து வையுங்கள். கூப்பிடும் கப்பல் டேங்கராக இருந்தால் அது இல்லாமல் ஏற முடியாது.

படிப்போடு சேர்ந்தே வேலை கிடைக்காதவர்களுக்கு மும்பைதான் களம். அந்தேரியிலும் பேலாப்பூரிலும் அலுவலகம் அலுவலகமாக நானும் நடந்திருக்கிறேன். போன இடம், பேசியவர் பெயர், தேதி, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மாதம் ஒருமுறை அதே ஆளுக்கு மரியாதையாக ஒரு போன். எனக்கு அழைப்பு வந்தது ஒரு பண்டிகைக்கு முந்தைய வாரத்தில். ஏற வேண்டிய பையன் மருத்துவப் பரிசோதனையில் நின்றுவிட்டான். மறுநாளே கிளம்பக்கூடியவன் யார் என்று தேடியபோது என் பெயர் அவர்கள் நினைவில் இருந்தது. தீபாவளி, பொங்கல் நேரத்தில் பலர் வீட்டில் இருக்க விரும்புவார்கள். அப்போது பையோடு தயாராக இருங்கள்.

நேர்காணலில் என்னிடம் பாடப் புத்தகத்தை ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஒரு துண்டுக் கயிற்றைக் கொடுத்து பௌலைன் முடிச்சுப் போடச் சொன்னார்கள். மின்சாரத் தீக்கு எந்தத் தீயணைப்பான், ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். சுக்கான் உத்தரவுகளைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் தயங்கும் நம் பையன்கள் சர்வதேசக் கடல்சார் அமைப்பு (ஐ.எம்.ஓ.) 2001-ல் ஏற்ற கடல்சார் உரையாடல் சொற்றொடர்களை வாய்விட்டுப் பழகலாம். கப்பலுக்கு வேண்டிய ஆங்கிலம் அவ்வளவுதான், ஆனால் அது தடங்கலின்றி வர வேண்டும். இந்திய ஆட்கள் நிறைந்த கப்பல்களில் ஹிந்தியும் ஓடும். கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் மெஸ்ஸில் தனியாக உட்கார வேண்டியிருக்காது.

கப்பல் பெயர் சொன்னதும் அதன் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். ஈக்வாசிஸ் என்ற கப்பல் தகவல் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் யார், எந்த நாட்டுக் கொடி, துறைமுகச் சோதனையில் எத்தனை முறை தடுத்து வைத்தார்கள் என்பது தெரியும். அடிக்கடி பெயரையும் கொடியையும் மாற்றும் கப்பலில் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், காலம், ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். டிரெயினிக்கு உதவித்தொகை குறைவுதான். முதல் கப்பலில் அதற்காகப் பேரம் பேச வேண்டாம். அடுத்த முறையும் உங்களைக் கூப்பிடும் கம்பெனியா என்று பாருங்கள்.

ஏறிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாட்ச்கீப்பிங் (காவல் பணி) சான்றிதழ் வாங்கினால்தான் டிரெயினி என்ற நிலை மாறும். அதற்குக் கடலில் இருந்த நாட்களோடு, பயிற்சிப் பதிவேட்டில் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். கப்பலிலிருந்து இறங்கும் சைன் ஆஃப் அன்று துறைமுகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் என்னிடம் வேலை பார்க்கும் டிரெயினிகளை, இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பதிவேட்டோடு சீஃப் ஆபீசரிடம் அனுப்பிவிடுவேன். சி.டி.சி.யில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, கேப்டன் கையெழுத்து, கப்பல் முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று கேங்வேயில் கால் வைக்குமுன் பார்க்கச் சொல்வேன். ஒன்று விட்டுப்போனாலும், கப்பல் வேறு கண்டத்துக்குப் போன பிறகு அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும்.